சலுகை இருந்தது, நிபந்தனை எங்கே?

2005 ஏப்ரலில் தமிழக அரசு பின்லாந்தின் நோக்கியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஸ்ரீபெரும்புதூரில் சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குரிய வரிவிலக்குகள், விற்பனை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு எனச் சலுகைகள் நீண்டன. 2006இல் தொடங்கிய உற்பத்தி 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனது. சலுகை கொடுத்து அந்நிய நேரடி முதலீட்டை ஈர்க்கும் கொள்கையின் பலமும் பலவீனமும் இந்த எட்டாண்டுகளில் ஒருசேரத் தெரிகின்றன.

பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆலையில் உச்சக்கட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். பிளஸ் டூ முடித்த கையோடு காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறியவர்கள். பல குடும்பங்களில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள் அவர்கள்தான். தங்கையின் படிப்பையும் வீட்டுக் கடனையும் அந்தச் சம்பளம் தாங்கியது. கல்யாணப் பேச்சைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் துணிவையும் தந்தது. மின்னணுப் பொருள்களைப் பெருமளவில் தயாரிக்க ஏற்ற இடம் என்ற பெயரும் ஸ்ரீபெரும்புதூருக்குக் கிடைத்தது.

வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றல்ல. ஸ்மார்ட்போன் வந்ததும் நோக்கியாவின் சந்தை உலகெங்கும் சரிந்தது. அரசு அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் வரி விவகாரம் அரசின் கையில் இருந்தது. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்குச் செலுத்திய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று 2013இல் வருமான வரித்துறை ரூ.2,000 கோடிக்கு மேல் கேட்டது. மாநில அரசும் தன் பங்குக்கு ரூ.2,400 கோடி வாட் வரி கேட்டது. இந்த வரிக் கோரிக்கைகள் மீதான வழக்கு முடியாததால், நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலை மட்டும் விடுபட்டது. வரி கேட்பது அரசின் உரிமை, அதில் தவறில்லை. எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பதை முதலிலேயே ஐயமறச் சொல்லாததுதான் தவறு. தெளிவான சட்டத்தைத் தராமல் தாராளமான சலுகையைத் தந்தோம்.

இதே வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் இன்றும் நிலைத்திருக்கிறது. அது வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எண்ணூரில் அசோக் லேலண்ட் இருந்தது. பாடியிலும் அம்பத்தூரிலும் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் கைதேர்ந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். வெளிமுதலீடு ஊன்றிக்கொள்ள உள்ளூர்த் தொழில் இருந்தது. நோக்கியா வளாகத்திலோ ஃபாக்ஸ்கான், சால்காம்ப் என்று உதிரிபாகம் தந்தவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களே. முதன்மை ஆலை மூடிய சில வாரங்களில் ஃபாக்ஸ்கானும் அங்கே உற்பத்தியை நிறுத்தியது.

இந்த வீழ்ச்சியின் சுமை தொழிலாளர் தலையில் விழுந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொகை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகிய கைகளுக்கு வேறு ஆலையில் மதிப்பு கிடைப்பது கடினம். அதே வளாகத்தை 2020இல் சால்காம்ப் உயிர்ப்பித்தது. ஃபாக்ஸ்கான் இதே வட்டாரத்தில் ஐபோன் தயாரிக்கிறது. ஆனால் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயுற்றதைக் கண்டித்து 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது. அதே வட்டாரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யக் கோரி 2024இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலீட்டாளர் மனம் கோணக் கூடாது என்ற கவலை, நடுநிலை காக்க வேண்டிய அரசையே தயங்க வைக்கிறது.

சலுகையே கூடாது என்பது என் வாதமல்ல. பக்கத்து மாநிலமும் வியட்நாமும் வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது நாம் மட்டும் அடைக்க முடியாது. ஆனால் கொடுப்பது மக்கள் பணம். ஒப்பந்தத்தைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். உள்ளூர்ச் சிறுதொழில்களிடம் எவ்வளவு வாங்கினார்கள், எத்தனை பேரை நிரந்தரமாக்கினார்கள் என்று ஆண்டுதோறும் பார்த்து, அதற்கேற்பச் சலுகையை விடுவிக்க வேண்டும். இடையில் மூடினால் தொழிலாளருக்கு மறுபயிற்சியும் இழப்பீடும் தரும் நிதியை முதல் நாளே பிடித்து வைக்க வேண்டும். இவற்றுக்கு ஒப்பாத முதலீட்டாளருக்காக நிலமும் வரியும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.