வழித்தடமும் வாக்குமூலமும்

தொழிற்சாலைக்கு நான் சைக்கிளில் போய்வருபவன். சென்ற வசந்தகாலத்தில் மகன் எனது கைத்தொலைபேசியில் ஸ்ராவா என்ற செயலியை ஏற்றிவிட்டான். சவாரியின் தூரம், வேகம், ஏற்ற இறக்கம் யாவற்றையும் அது வரைபடமாக்கித் தந்தது. இரண்டு மாதங்கள் மகிழ்ச்சியோடு பார்த்தேன். பின்னர் அவ்வரைபடங்களை ஒரு பிரதியாக வாசித்தபோதுதான் விடயம் புரிந்தது. எனது வேலைநேரம், வீட்டுவாசல், நான் வீட்டில் இல்லாத வேளை எல்லாமே அதில் எழுதப்பட்டிருந்தன. எழுதியவன் நான். வாசகர் யாரென்பதுதான் எனக்குத் தெரியாது.

ஸ்ராவா 2009 இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டது. பெயர், முயலுதல் என்ற பொருள்தரும் சுவீடிஷ் சொல்லிலிருந்து வந்தது. அது தெருவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் வேகமாக ஓடியவருக்கு முடிசூட்டுகிறது. தொழிற்சாலையில் எமது கையசைவுக்கு மற்றவர்கள் கணக்கெடுக்கிறார்கள். வெளியே வந்தபின் அதே கணக்கை நாமே எடுக்கிறோம்.

செய்மதி எம்மைக் கண்காணிக்கிறது என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இது தவறு. அமெரிக்க இராணுவம் உருவாக்கிய ஜி.பி.எஸ். செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து நேரத்தையும் தமது நிலையையும் ஒலிபரப்புகின்றன, அவ்வளவே. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞையைப் பெற்றுக் கணக்கிடுவது எமது தொலைபேசி. செய்மதிக்கு நாம் இருப்பதே தெரியாது. அக்கணக்கு ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகும் இடத்திலேயே அதிகாரம் பற்றிய கேள்வி தொடங்குகிறது.

2017 நவம்பரில் ஸ்ராவா தன் பாவனையாளர்களின் சுமார் 100 கோடி பயணப்பதிவுகளை ஒரே ஒளிவரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் அவுஸ்திரேலிய மாணவரொருவர், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருண்ட வெளிகளின் நடுவே இராணுவ முகாம்களின் வடிவம் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். படைகளாலேயே தம் தடத்தை மறைக்க முடியவில்லை.

சாதாரண மனிதனின் கதை வேறு. 2019 மார்ச்சில் புளோரிடாவின் கெயின்ஸ்வில் நகரில் ஒரு வீட்டில் களவு போனது. தன் சவாரிகளைச் செயலியொன்றில் பதிந்துவந்த ஒருவர், அன்று அவ்வீட்டை ஒரு மணி நேரத்துள் மூன்று தடவை கடந்திருந்தார். அவ்வேளை அப்பகுதியில் இருந்த தொலைபேசிகளின் விபரத்தைப் பொலிசார் கூகிளிடம் கேட்டனர், அவர் சந்தேகநபரானார். தான் நிரபராதி என்பதைக் காட்ட வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கவேண்டியதாயிற்று. ‘ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?’ என்போருக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் 1996 இன் பின்னர் சென்றிகளில் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டினோம். எங்கிருந்து, எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொன்னோம். அங்கே கேள்விக்குப் பின்னால் துவக்கு இருந்தது. இங்கே எமது விருப்பம் இருக்கிறது. இரண்டும் ஒன்றென்பது மிகைப்படுத்தல். ஆயினும் சென்றியில் சொன்ன பதில் பெரும்பாலும் காற்றோடு போனது. இது போவதில்லை.

அதற்காகத் தொலைபேசியை எறிந்துவிடச் சொல்லவில்லை. பதிவுக்குப் பயனுண்டு. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலப் போக்குவரத்துத் துறை 2014 இல் ஸ்ராவாவின் தரவுகளை 20,000 டொலருக்கு வாங்கியது, சைக்கிளோட்டிகள் எத்தெருவால் போகிறார்கள் என்றறியத்தான். பதிவு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. ஸ்ராவாவில் தொடக்கத்தையும் முடிவையும் மற்றவர்களுக்கு மறைக்கலாம். நிறுவனத்துக்கு மறைக்க முடியாது. 2023 டிசம்பரில் கூகிளே இடப்பதிவுகளைப் பாவனையாளரின் கருவியிலேயே வைக்கப்போவதாக அறிவித்தது. திறந்த தெருவரைபடத்தைப் பயன்படுத்தும் ஒஸ்மண்ட் போன்ற செயலிகளோ தடத்தை ஒரு கோப்பாக எமது தொலைபேசியிலேயே சேமிக்கின்றன. நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன்.

மகன் உடன்படவில்லை. நண்பர்கள் பார்க்காத சவாரியில் என்ன மகிழ்ச்சி என்கிறான். அவனது கேள்வியிலும் நியாயமுண்டு. கூடி ஓடும் ஆசை பிழையானதல்ல. அந்த ஆசைக்கு விலையாக எமது தடத்தை ஒப்படைக்கத்தான் வேண்டுமா என்பதை நாம் விவாதிக்கவேண்டும்.