சொந்தச் சேவையகம்: ஒரு மதிப்பீடு

நாம் எழுதும் கடிதத்தை இடையில் ஒருவர் பிரித்துப் படிப்பதை நாம் பொறுப்பதில்லை. ஆயினும், அக்கடிதம் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்பதை அஞ்சற்காரர் அறிவதைப் பற்றி நாம் கவலை கொண்டதில்லை. கைப்பேசிவழிச் செய்தி அனுப்பும் இற்றை நாளில் இவ்விரண்டையும் பிரித்துணர்தல் இன்றியமையாதது. செய்தியின் உள்ளடக்கம் ஒன்று. அது சென்ற தடம் மற்றொன்று.

பரவலாக வழங்கும் செயலிகள் பல உள்ளடக்கத்தைக் காக்கின்றன. அனுப்புபவரின் கருவியிலேயே செய்தி மறைகுறியாக மாற்றப்படுவதால், இடையில் நிற்கும் சேவையகம் அதனைப் படிக்க இயலாது. ஆனால், யார் யாருடன் எப்பொழுது தொடர்பு கொண்டார் என்னும் தடம் சேவையகத்தின் கண்முன் கிடக்கிறது.

அத்தடத்தையும் குறைக்க முனைந்த ஆக்கங்களுள் ஒன்று சிம்ப்ளெக்ஸ் சாட். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கைப்பேசிகளுக்கு வெளிவந்த இச்செயலியின் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். இதில் இணையத் தொலைபேசி எண் வேண்டுவதில்லை. பயனருக்கென்று நிலையான அடையாளமும் இல்லை. இருவர் தொடர்பு கொள்ளும்போது, திசைக்கு ஒன்றாக இரு செய்தி வரிசைகள் அமைகின்றன. ஒவ்வொருவரும் தமக்கு வரும் செய்திக்குரிய சேவையகத்தைத் தாமே தேர்ந்து கொள்கின்றனர். விரும்புவோர் அச்சேவையக மென்பொருளைத் தம் கணினியிலேயே நிறுவலாம். கோப்புகளுக்கும், குரல், காணொளி அழைப்புகளைக் கடத்துவதற்கும் தனித்தனிச் சேவையகங்களை வைத்துக் கொள்ளலாம்.

இதன் சிறப்பு மறுக்கவொண்ணாதது. ஒரு நிறுவனம் தன் விதிகளை மாற்றினாலும், கடையை மூடினாலும், சொந்தச் சேவையகம் உடையவரின் உரையாடல் நிற்பதில்லை. ஆனால், இவ்வுரிமையைக் கண்டு மகிழ்ந்தோருள் சிலர், ‘சேவையகம் நம்முடையது, எனவே அந்தரங்கம் முழுமை பெற்றது’ என்று கூறுகின்றனர். இக்கூற்றை ஏற்பதற்கில்லை.

முதலாவதாக, பல்லாயிரவர் பயன்படுத்தும் சேவையகத்தில் ஒருவர் கூட்டத்துள் கூட்டமாக மறைகிறார். பத்துப் பேர் மட்டும் பயன்படுத்தும் சேவையகமோ, அப்பத்துப் பேரையும் சுட்டும் கைகாட்டி மரமாகிவிடுகிறது. அதனுடன் எவருடைய கருவி இணைகிறது என்று கவனிப்பவருக்கு, அக்குழுவின் எல்லை எளிதில் புலப்படும்.

இரண்டாவதாக, இரு திசை வரிசைகளும் வெவ்வேறு சேவையகங்களில் இருப்பதுதான் இவ்வமைப்பின் நுட்பம். ஒரு குடும்பத்தார் அனைவரும் ஒரே வீட்டுச் சேவையகத்தைக் கைக்கொண்டால், பிரித்து வைத்தவை மீண்டும் ஒரே கையில் சேர்ந்துவிடுகின்றன.

மூன்றாவது, எல்லாவற்றினும் முதன்மையானது. என்னுடைய சேவையகம் எனக்குத்தான் சொந்தம். எனக்கு எழுதும் நண்பருக்கு அது அயலார் வீடே. அவர் செய்தி அனுப்பும் பொழுது, அவருடைய இணைய முகவரியை என் சேவையகம் காண இயன்றது. இதனை உணர்ந்தே 2024ஆம் ஆண்டு ஜூனில் வந்த 5.8ஆம் பதிப்பில், அனுப்புபவர் தாம் தேர்ந்த சேவையகத்தின் வழியாகவே செய்தியைச் செலுத்தும் வகை சேர்க்கப்பட்டது. அழைப்பிலும் இவ்வாறே: அதனைக் கடத்தும் சேவையகத்தை நடத்துபவர் பேச்சைக் கேட்க இயலாதெனினும், இரு முனைகளின் இணைய முகவரியையும் பேசிய நேரத்தையும் அறிய வல்லவராகிறார்.

ஆகவே, சொந்தச் சேவையகம் நம்பிக்கையின் தேவையை நீக்குவதில்லை; அதனை இடம் மாற்றுகிறது. முன்னர் நிறுவனத்தின்மீது வைத்த நம்பிக்கை, இப்பொழுது அதனை நடத்தும் ஒருவர் மீது வந்து அமர்கிறது. அவர் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். காப்புப்படி எடுத்து வைக்க வேண்டும். பதிவேடுகளைத் துருவாதிருக்கும் மனக்கட்டுப்பாடும் உடையவராதல் வேண்டும். அவர் நோயுற்றால் அப்பணியை ஏற்பவர் யார் என்பதும் முன்னரே முடிவாகியிருத்தல் வேண்டும்.

பள்ளியோ சங்கமோ இத்தகைய முயற்சியில் இறங்குமாயின், ‘எந்தச் செயலி நல்லது?’ என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. ‘சேவையகத்தின் சாவி யார் கையில் இருக்கும்? அவர் எதனைக் காண்பார்? அதனை மற்றவர்க்கு வெளிப்படையாகக் கூறுவாரா?’ என்று கேட்டுத் தெளிதல் வேண்டும். திறந்த மூல நிரல் மென்பொருளைத்தான் நம் ஆய்வுக்கு உட்படுத்துகிறது; அதனை இயக்கும் மனிதரை அன்று. அம்மனிதர் நாமே ஆகும்பொழுது, பிறர் அந்தரங்கம் நம் பொறுப்பாகிறது. உடைமை கொண்டாடுமுன் அப்பொறுப்பை ஏற்பதே முறையாகும்.