அளவெடுத்த பயணம்

மோட்டார் சைக்கிளில் தனியாக நெடுந்தூரம் போகும் கலையில் பாதி சாலையில் நடக்கிறது. மீதிப் பாதி, புறப்படும் முன்பே வீட்டு வாசலில் முடிந்துவிடுகிறது. சீட்டின் உயரம், ஹெல்மெட்டின் சுற்றளவு, கையுறையின் விரல் நீளம், பைகளின் எடை எல்லாமே ஓட்டுபவரின் உடம்போடு இசைந்தாக வேண்டும். ஓட்டுபவர் பெண் என்றால் இந்த இசைவு கடையில் தயாராகக் கிடைப்பது அரிது. வண்டியும் கவச உடையும் நெடுங்காலமாக ஆண் உடம்பின் அளவுக்கே செய்யப்பட்டு வந்தவை. கிடைத்ததைத் தன் அளவுக்குக் கொண்டுவரும் வேலைப்பாடே பெண்களின் தனிப்பயணத்தில் ரசிக்க வேண்டிய முதல் அம்சம்.

இந்த வேலைப்பாட்டுக்கு வரலாறு உண்டு. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஆன்-பிரான்ஸ் தோத்வில் 1973-இல் உலகைத் தனியாகச் சுற்றத் தேர்ந்தெடுத்தது வெறும் 125 சிசி கவாசாகி வண்டி. 1982-இல் லண்டனிலிருந்து கிளம்பிய எல்ஸ்பெத் பியர்ட், 1974-ஆம் ஆண்டு மாடல் பிஎம்டபிள்யூ 600 சிசி வண்டியில் ஏறத்தாழ 56,000 கி.மீ. ஓட்டி 1984-இல் ஊர் திரும்பினார். கட்டடக்கலை படித்தவரான அவர் நடுவழியில் சிட்னியில் தங்கி வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அங்கே இருந்தபோதே அலுமினியத் தகடுகளை வெட்டி, பூட்டுப் போடக்கூடிய பெட்டிகளைத் தன் கையாலேயே செய்து வண்டியில் மாட்டினார். அந்தப் பெட்டிகளோடுதான் பின்னர் மெட்ராஸில் வந்து இறங்கி இந்தியாவைக் கடந்தார். ஹூப்ளியைச் சேர்ந்த கேண்டிடா லூயிஸ் 2018-இல் பெங்களூரிலிருந்து புறப்பட்டு பஜாஜ் டொமினார் 400-இல் சிட்னி வரை சென்றார். நெதர்லாந்தின் நோரலி ஸ்கூன்மாக்கர் அதே 2018-இல் டெல்லியில் வாங்கிய வண்டி, சென்னை அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். நால்வரின் வண்டிகளுக்குள்ளும் பெரிய ஒற்றுமை எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த வண்டியைத் தம் பயணத்துக்கு ஏற்றதாக்கிக்கொண்டார்கள் என்பதே ஒற்றுமை.

கோயம்புத்தூரும் அதைச் சுற்றிய கொங்கு நாடும் இந்தக் கலைக்கு இரண்டு வழிகளில் நெருக்கமானவை. ஒன்று, வேண்டியதைச் செய்து தரும் பட்டறைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மற்றொன்று, செய்ததைச் சோதித்துப் பார்க்கும் பாதைகள் ஒரு பகல் தூரத்துக்குள் இருக்கின்றன.

பொருத்தம் சீட்டில் தொடங்குகிறது. முதல் தலைமுறை ஹிமாலயனின் சீட் உயரம் 800 மி.மீ., எடை 199 கிலோ. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. இந்த உயரமுள்ளவர் அதில் அமர்ந்தால் கால் விரல்கள் மட்டுமே தரையைத் தொடும். இதற்குப் பலரும் முதலில் நாடுவது, பின் சஸ்பென்ஷனில் வேறு லிங்க் மாட்டி வண்டியையே இறக்கிவிடும் வழி. அதில் சிக்கல் உண்டு. வண்டியின் அடிவயிறு கல்லில் உரசும். சைடு ஸ்டாண்டின் நீளத்தைக் குறைக்காவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். தேர்ந்தவர்கள் சீட் கவர் தைப்பவரிடம் போகிறார்கள். சீட்டின் முன்பகுதியை இருபுறமும் செதுக்கி ஒடுக்கினால், உயரத்தை அதிகம் குறைக்காமலேயே கால் நேராகத் தரைக்கு இறங்கும். ஃபோமை அளவுக்கு மீறிக் குறைத்தால் 200 கி.மீ.க்குள் இடுப்பு வலிக்கும். எத்தனை மி.மீ. செதுக்கலாம் என்பதில் தைப்பவரின் கைத்திறன் தெரியும்.

மிச்ச உயரத்தை ஓட்டும் முறை ஈடுசெய்கிறது. வண்டி நிற்கும் கணத்தில் இடுப்பைச் சற்றே இடப்பக்கம் நகர்த்தி, இடது பாதத்தை முழுமையாகத் தரையில் ஊன்றி, வலது பாதத்தைப் பின்பிரேக்கில் வைத்துக்கொள்வது அந்த முறை. இரண்டு காலையும் எட்டி எட்டித் தடவாமல் ஒரே காலில் அமைதியாக நிற்கும் ஓட்டுநரைப் பார்த்தாலே அனுபவம் புரிந்துவிடும். வண்டி விழுந்துவிட்டால் தூக்குவதிலும் இதே அறிவுதான். சீட்டில் பின்பக்கத்தைச் சாய்த்து, ஒரு கையில் ஹேண்டில்பாரையும் மறு கையில் சட்டத்தையும் பிடித்து, முதுகை வளைக்காமல் தொடையின் பலத்தில் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்த வண்டி என்றால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட வேண்டும். இல்லையேல் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் சரிந்துவிடும்.

அடுத்தது ஹெல்மெட். வெளி ஓட்டைவிட உள்ளே இருக்கும் தெர்மோகோல் வகை நுரைதான் உயிர் காப்பது. மோதலின் வேகத்தை அந்த நுரை தான் நசுங்கி வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி உதவாது. இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை விற்கவே கூடாது. முத்திரை தரத்தைச் சொல்லும், பொருத்தத்தைச் சொல்லாது. ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அது பெரிது. கூந்தலை முன்னிட்டு ஒரு அளவு பெரிதாக வாங்குவது வழக்கமான பிழை. கொண்டை, கிளிப், ஹேர்பின் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பிடரிக்குக் கீழே தாழப் பின்னிய ஒற்றைச் சடையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டால் காற்றில் சிக்கும் விழாது, ஹெல்மெட்டின் அளவும் மாறாது. ஜிமிக்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போது மாட்டும். வளையல் ஜாக்கெட்டின் கைமுனையில் அழுத்தும். மெட்டி பூட்ஸுக்குள் சில மணி நேரத்தில் விரலைப் புண்ணாக்கும். எந்த விற்பனைப் பட்டியலிலும் வராத இத்தகைய சிறு செய்திகளே பயணத்தின் சுகத்தைத் தீர்மானிக்கின்றன.

ஜாக்கெட்டில் இரண்டு அடுக்குகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். வெளித்துணி தார்ச்சாலையின் உரசலைத் தாங்குவது. உள்ளே தோள், முழங்கை, முதுகில் வைக்கும் தகடுகள் அடியைத் தாங்குவன. தோள், முழங்கைத் தகடுகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1621-1-இன்படி, முதல் நிலைத் தகட்டைத் தாண்டி உடம்புக்குப் போகும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் இருக்கலாகாது; இரண்டாம் நிலையில் 20. இந்த எண்கள் எல்லாம், தகடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் பொருள்படும். ஆண் அளவு ஜாக்கெட் பெண்ணின் தோளில் தொங்கும், இடுப்பில் இறுகும். கைப்பகுதி தொளதொளப்பாக இருப்பதால் முழங்கைத் தகடு விழும் நேரத்தில் சுழன்று விலகிவிடும். பெண்களுக்கென்று வெட்டிய ஜாக்கெட்டில் தோள் குறுகி, இடுப்பு விரிந்து, மேல்கையில் இறுக்கும் பட்டை இருக்கும். கைகளை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்த நிலையில் அமர்ந்துதான் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நிற்கும்போது சரியாகத் தெரியும் ஜாக்கெட், அமர்ந்ததும் முதுகுக்கு மேலே ஏறிவிடலாம்.

செட்டிபாளையத்தில் 2003 முதல் இயங்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தய வீரர்கள் அணிவது உடம்போடு ஒட்டிய ஒரே துண்டுத் தோல் உடை. அரை மணி நேரப் பந்தயத்துக்கு அது உத்தமம். நாள் முழுதும் ஓட்டி, நடுவில் இறங்கி நடந்து, டீக்கடையில் உட்கார்ந்து எழ வேண்டிய பயணத்துக்கு மேலும் கீழும் தனித்தனியான துணி உடையே ஏற்றது. பெட்ரோல் பங்கின் குறுகிய கழிவறையில் ஒரே துண்டு உடை படுத்தும் பாட்டை எண்ணினாலே இந்தத் தேர்வின் நியாயம் விளங்கும். இடுப்பு உயரமான கால்சட்டை, முழு நீள ஜிப், மாதவிடாய்க் கப், ஈரத் துடைப்பான், சிறு சோப்பு ஆகியவையும் கவச உடைக்கு இணையான முக்கியத்துவம் கொண்ட கருவிகள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது, வெயிலில் கவனத்தைக் குலைத்து விபத்தில் முடியக்கூடிய பழக்கம்.

ஜாக்கெட்டுக்கு அடியில் அணியும் உடையில் திருப்பூருக்குச் சொல்ல நிறைய உண்டு. பருத்தி பனியன் வேர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்; ஈரத் துணி தோலோடு உரசிக்கொண்டே இருக்கும். பாலியெஸ்டர் கலந்த விளையாட்டுப் பின்னல் துணி ஈரத்தை வெளிப்பக்கம் கடத்திக் காற்றில் உலரவிடும். துணியைப் போலவே தையலும் முக்கியம். ஓவர்லாக் தையலில் துணியின் விளிம்பு மடிந்து தடிப்பாக நிற்கும். பிளாட்லாக் தையலில் இரு விளிம்புகளும் தட்டையாகச் சேர்ந்து தோலில் தடம் பதிக்காது. எட்டு மணி நேரம் ஒரே நிலையில் அமர்பவருக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கரூர் பரமத்தி போன்ற ஊர்களில் கோடையில் 40 டிகிரி தாண்டும்போது வலைத்துணி ஜாக்கெட் மட்டும் போதாது. உள்ளாடையை நனைத்துப் போட்டுக்கொண்டால் உலரும் ஈரம் உடம்பைக் குளிர்விக்கும்.

கையுறையில் பார்க்க வேண்டியது விரலின் நுனி. நுனியில் வெற்றிடம் இருந்தால் கிளட்ச் பிடி நழுவும். கை சிறியதாக இருந்தால் லீவரின் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; தூரத்தை மாற்ற வழியில்லாத லீவரைக் கழற்றி, மாற்றக்கூடிய லீவரைப் பொருத்தலாம். லீவரின் சாய்வை முன்கையின் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தால் மணிக்கட்டு வலி பாதி குறையும். பூட்ஸ் கணுக்காலை மூட வேண்டும், திருகினால் வளையாத அடி வேண்டும், சற்றே தடித்த அடியாக இருந்தால் உயரக் குறைவுக்கும் உதவும்.

சுமை ஏற்றுவது தனி நுட்பம். கனமானவை கீழே, பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். கனத்தை வால்பகுதியில் உயரமாக ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். கருவிகளும் உதிரிபாகங்களும் சேடில் பேக்கின் அடியில், துணிமணி மேலே, மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, வண்டியை நிறுத்தியதும் எடுக்கும்படி. பணம், ஆவணங்கள், மருந்து ஆகியவை இறங்கியதும் கையோடு போகும் டேங்க் பேக்கில். இருபுறப் பைகளும் ஒரே எடையில் இருக்கின்றனவா என்று வீட்டுத் தராசிலேயே பார்த்துவிடலாம். பெங்களூரின் வியாடெர்ரா, மும்பையின் ரைனாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்கள் வந்த பிறகு இத்தகைய பைகளுக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியதில்லை. பைகள் சக்கரத்தில் உரசாமல் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ ஒரு பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் வைத்து வாங்கலாம். நல்ல சட்டத்தின் அடையாளம், அதைக் கழற்ற இரண்டு ஸ்பேனருக்கு மேல் தேவைப்படாது.

கருவிப் பை சிறியதாக, முழுமையாக இருப்பதே அழகு. வண்டியில் உள்ள போல்ட்டுகளின் அளவுக்கான ஸ்பேனர்கள், ஆலன் கீ, பஞ்சர் கிட், டயர் லீவர், மாற்று டியூப், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு, ஃபியூஸ், ஸ்பார்க் பிளக், செயின் ஆயில் போதும். மாற்றுக் கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல், ஓடும் கேபிளுக்குப் பக்கத்திலேயே ஓட்டி இரு முனையையும் கட்டி வைப்பது பழைய உத்தி. அறுந்தால் முனைகளை மாற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றிப் பூட்டிக் கற்றார். தனியாகப் போகும் பெண்ணுக்கும் அதே பாடம் பொருந்தும். வீட்டு வாசலில் ஒருமுறை கூடப் பின்சக்கரத்தைக் கழற்றாதவர் பையில் இருக்கும் டயர் லீவர், பிறர் உதவிக்குக் காத்திருக்கும் இரும்புத் துண்டு.

இவ்வளவும் சேர்ந்து ஒத்துப்போகிறதா என்று சொல்பவை கொங்கின் சாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று பாய்கிறது. பல்லடம், உடுமலை வட்டாரத்தின் காற்றாலைகள் அதை நம்பி நிற்பவை. பல்லடத்திலிருந்து தெற்கே உடுமலைக்குப் போகும் சாலையில் அந்தக் காற்று பக்கவாட்டில் அறையும். உயரமாகக் கட்டிய சுமை பாய்மரம்போல் அதை வாங்கிக்கொள்ளும். தோளை இறுக்காமல், வண்டியைக் காற்றின் பக்கம் சற்றே சாய்த்து ஓட்டுபவர் நேராகப் போவார். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. சீட் செதுக்கியது சரியா, கிளட்ச் லீவர் எட்டுகிறதா, சுமை முன்சக்கரத்தைத் தூக்குகிறதா என்பதெல்லாம் இந்த வளைவுகளில் மெதுவாக ஏறும்போது தெளிவாகும். மழைச் சோதனையும் அருகிலேயே இருக்கிறது. கோவை மழை மறைவுப் பகுதி. அதே மாவட்டத்தின் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. வெயிலுக்கு ஏற்ற வலைத்துணி ஜாக்கெட்டின் மேல் போடும் மழைக்கோட்டு, ஐந்து நிமிடத்தில் அணிய முடிகிறதா, கழுத்து வழியே நீர் இறங்குகிறதா என்பதை ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிய ஒரு ஜூலை மாதக் காலையிலேயே அறிந்துவிடலாம்.

சோதனைப் பயணம் முடிந்ததும் பைகளைத் தரையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரிப்பது தேர்ந்தவர்களின் வழக்கம். தினமும் பயன்பட்டவை, ஒருமுறை பயன்பட்டவை, தொடவே படாதவை. மூன்றாவது குவியல் அடுத்த பயணத்தில் வீட்டிலேயே தங்கும். கருவிப் பைக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் மட்டும் விலக்கு உண்டு.