ஈர்க்குச்சி வல்லயங்கள்

புதுத் தென்னந்துடைப்பம் ஒன்றிலிருந்து அறுபது ஈர்க்குச்சிகளை உருவினேன். ஒவ்வொன்றையும் ஐந்தரை சென்டிமீட்டருக்கு நறுக்கி, நுனியைச் சீவி, கூருக்கு மட்டும் வெள்ளி வண்ணம் தொட்டு, கட்டைவிரல் நகத்தளவு உயரமே உள்ள அறுபது கள்ளர் வீரர்களின் கைகளில் ஒட்டினேன். இரவு இரண்டு மணி. கடைசி வல்லயம் காய்ந்ததும் எல்லாரையும் பலகையில் நிறுத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சுவரில் நிழலாக ஒரு வல்லயக் காடு! அன்று தூங்கவே முடியவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஐந்தரை சென்டிமீட்டர் நான் இஷ்டத்துக்கு வைத்த அளவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே நடந்த போர்களை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம், கள்ளர்களின் ஈட்டி 18 அடி நீளம் என்கிறார். அதைத் தரையில் இழுத்தபடி ஊர்ந்து போய்ப் பதுங்கித் தாக்குவார்களாம். 18 அடியை நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஐந்தரை சென்டிமீட்டர். கடையில் கிடைக்கும் எந்தக் கம்பியும் ஈர்க்குச்சிபோல் அடி தடித்து நுனி மெலிந்து இருக்காது. தென்னை நமக்கென்றே வளர்த்துக் கொடுத்த ஆயுதம் அது.

மேசைமேல் சின்னப் பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் பழைய போர்களை ஆடுவதுதான் என் விளையாட்டு. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி இதை அதிகாரிகளின் பயிற்சியாக ஆக்கினார். 1913-ல் எச்.ஜி. வெல்ஸ் புத்தகம் எழுதி வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். யானை, தேர், குதிரை, காலாள் என்று கட்டத்தில் வைத்து ஆடிய நமக்கு இதில் என்ன அந்நியம்? கொலுப்படி அடுக்கத் தெரிந்த கைக்கு இது உடனே வசப்படும். இதிலும் உச்சம், ஒரே ஒரு போரை ஆடுவதில் இல்லை. படையெடுப்புத் தொடராக ஆடுவதில் இருக்கிறது. சுவரில் நிலப்படம். படைகள் அதில் நாள் கணக்கில் நடக்கும். எங்கே சந்திக்கின்றனவோ அங்கே மேசைப்போர். இன்று செத்த வீரன் நாளை வரமாட்டான், அரிசி தீர்ந்தால் படை கலையும். அப்படி மாதக்கணக்கில் கூடவே வாழப்போகிற இரண்டு சேனைகளைத் தேர்ந்தெடுப்பது பெண் பார்த்து, மாப்பிள்ளையும் பார்த்து, இரண்டு குடும்பத்தையும் நாமே கட்டிக்கொள்வது மாதிரி. ஏனென்றால் எங்கள் ஊரான அறந்தாங்கியில் எதிர்ப்படை வைத்திருக்கிற இன்னொருவர் கிடையாது. இரண்டு பக்கத்தையும் நான்தான் வண்ணம் தீட்ட வேண்டும்.

முதலில் மனசு போனது நெப்போலியனிடம். காரணம் மனோரா. சேதுபாவாசத்திரம் கடற்கரையில் சரபோஜி மன்னர் 1814-15-ல் நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடக் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் இங்கிருந்து பைக்கில் போகிற தூரம்தான். அதன் நிழலில் உட்கார்ந்து வாட்டர்லூ கனவு கண்டிருக்கிறேன். பிறகு 1801, ஆங்கிலேயக் கும்பினியை எதிர்த்த மருது சகோதரர்கள், காளையார்கோவில் காடு. இது நெஞ்சுக்கு இன்னும் நெருக்கம். ஆனால் என் எதிராளி, பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிற என் அக்கா மகன், அன்று சொன்னதுதான் என் தேர்வையே மாற்றியது.

“மாமா, மருது பக்கம்னா நான் வர்றேன். கும்பினிப் பக்கம் நிக்கச் சொன்னீங்கன்னா சத்தியமா மாட்டேன்.”

நூற்றுக்கு நூறு சரி! ஒரு பக்கத்தை மட்டும் நேசித்துவிட்டு இன்னொரு பக்கத்தைக் கடனே என்று வண்ணம் அடித்தால் பத்தாவது பொம்மையில் பிரஷ் கீழே விழுந்துவிடும். இரண்டு சேனையையும் காதலிக்க முடிகிற போர் வேண்டும். அது எங்கள் காலடியிலேயே கிடந்தது.

1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளிக்காக நடந்த சண்டை. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர். கோட்டைக்குள் முகமது அலி, அவருக்கு ஆங்கிலேயக் கும்பினி. வெளியே சந்தா சாகிப், அவருக்குப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே. இவர்களைச் சுற்றி மைசூர் நஞ்சராஜன், மராட்டியத் தளபதி முராரி ராவ், தஞ்சை பிரதாபசிம்மன், புதுக்கோட்டைத் தொண்டைமான். ஒரே போரில் எட்டுச் சேனைகள்! ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தனித் தலைப்பாகை, தனிக் குதிரை. வண்ணம் தீட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சொர்க்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

இதில் எங்கள் ஊர்ப்பங்கைக் கேளுங்கள். அந்தக் காலகட்டத்தில்தான் தஞ்சைத் தளபதி மானோஜி அறந்தாங்கிக் கோட்டையைப் பிடிக்க வந்தார். தன் படை போதாமல் தொண்டைமானின் உதவியைக் கேட்டார். கூலி, பக்கத்திலுள்ள கீழாநிலைக் கோட்டையும் அதன் சீமையும். அறந்தாங்கி விழுந்தது. ஆனால் தஞ்சை அரசர் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. கீழாநிலைத் தகராறு அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டு இழுத்தது. 1803-ல் கும்பினி அதைத் தொண்டைமானுக்கு விட்டுக்கொடுத்தபோது, ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்று நிபந்தனை வைத்தது. ஒரு யானை! அந்த வரியைப் படித்த அன்றே ஒரு யானைப் பொம்மைக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் தொடரில் கீழாநிலை யார் கையில் இருக்கிறதோ அவர் மேசைமேல் அந்த யானை நிற்கும்.

தொண்டைமான் படையா, தஞ்சைப் படையா? இதில் நான் ஒரு வாரம் தவித்தேன். இன்றைக்கு நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் 1974 ஜனவரி 14-ல் இந்த மாவட்டம் பிறக்கும்வரை அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டத்துத் தாலுகா. இரண்டு பக்கமும் என் பக்கம். கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் 1752-ல் இரண்டும் ஒரே அணியில் திருச்சிக்கு உதவிக்குப் போயின. ஓர்ம் கணக்குப்படி தஞ்சையிலிருந்து மானோஜி தலைமையில் 3,000 குதிரை, 2,000 காலாள். தொண்டைமானிடமிருந்து 400 குதிரை, 3,000 கள்ளர். ஐம்பது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் தஞ்சைக்கு 60 குதிரை, 40 காலாள், தொண்டைமானுக்கு 8 குதிரை, 60 கள்ளர். ஆக 168. இதே கணக்கில் ஆற்காட்டைப் பிடிக்கப் போன கிளைவின் படையைப் பாருங்கள்: 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். மொத்தமே பத்துப் பொம்மை! பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக வருகிற படை என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. திருச்சியைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பகுதி யார் என்பதை மேசை பார்த்த மாத்திரத்தில் காட்டுகிறது. அலமாரியில் குதிரைகளுக்கு மட்டும் இரண்டு தட்டு போய்விட்டது.

எதிரணியைச் சேர்க்கும்போதுதான் இந்தப் போரின் பொன்னான ரகசியம் புரிந்தது. 1752-ல் மைசூரும் முராரி ராவும் முகமது அலி பக்கம். அந்த ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் மானோஜியிடம் சிக்கித் தலை இழந்தார். திருச்சியைத் தருவதாகச் சொன்ன முகமது அலி தரவில்லை என்றதும் மைசூர் அணி மாறியது, முராரி ராவும் மாறினார். 1753-ல் அதே குதிரைகள் பிரெஞ்சுக்காரர் பக்கத்தில்! சிப்பாய்களுக்கும் அப்போது இன்னும் ஒரே மாதிரிச் சிவப்புச் சட்டை வரவில்லை, பெரும்பாலும் ஊர் உடைதான். ஆகவே ஒரே பெட்டிச் சிப்பாய்கள் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் இரண்டு பக்கமும் போவார்கள், கொடியை மாற்றினால் போதும். ஒரு முறை வண்ணம் தீட்டி, இரண்டு பக்கமும் ஆடலாம். இப்படி ஒரு போரை யாராவது விளையாட்டுக்காகவே யோசித்து அமைத்திருந்தாலும் இவ்வளவு நன்றாக அமைத்திருக்க முடியாது.

அணி மாறும் நாளைத் தாயக்கட்டைதான் தீர்மானிக்கும். எங்கள் சொந்த விதி இது. திருச்சி வாக்குறுதி நிறைவேறாத ஒவ்வொரு மாதமும் நஞ்சராஜனுக்காகக் கட்டையை உருட்டுவோம். தாயம் விழுந்தால் மைசூர் போச்சு. போன ஆவணியில் அது விழுந்தபோது நாற்பது குதிரைகளை என் கையாலேயே தூக்கி மருமகன் பக்கம் வைத்தேன். “வாங்க, வாங்க” என்று ஒவ்வொன்றையும் அவன் வரவேற்ற அழகு இருக்கிறதே!

வண்ணத்துக்கு நான் எங்கும் அலையவில்லை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்குப் போனேன். வானம் முட்ட நிற்கும் அந்தக் குதிரை, மாசி மகத்தில் அதன்மேல் குவியும் காகித மாலைகள், இந்தப் பக்கத்து அய்யனார் திடல்களிலெல்லாம் வரிசை கட்டி நிற்கும் மண்குதிரைகளின் சேணம், மணி, கழுத்துப்பட்டை. தஞ்சைக் குதிரைப்படையின் சேணங்களை அங்கே பார்த்த சிவப்பிலும் மஞ்சளிலும்தான் தீட்டினேன். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்கள் முன்னால் அரைநாள் நின்றிருக்கிறேன். புதுக்கோட்டை ஆயுதசாலையில் எறிந்து தாக்கும் வளரித்தடிகள் இருப்பில் வைத்திருந்ததை எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். அதனால் அறுபதில் பத்துப் பேருக்கு இடுப்பில் பிறை வடிவாக ஒரு துளி பழுப்பு. தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அடிப்பலகைக்கு வெள்ளாற்று மணலை ஃபெவிகாலில் ஒட்டி, செம்புறாங்கல் தூள் தூவினேன். என் படை நிற்பது என் மண்ணில்.

ஆடத் தொடங்கியபின் தெரிந்தது, இந்தத் தொடரில் பீரங்கியைவிடப் பெரிய ஆயுதம் அரிசி மூட்டை. திருச்சிக் கோட்டைக்குச் சோறு போனது தொண்டைமான் சீமை வழியாக. காட்டுப்பாதையில் கிள்ளனூரில் சேர்த்து, இரவோடு இரவாகப் பாதுகாப்புடன் கொண்டுபோவார்கள். பொன்மலைப் போர், 1753 ஜூன் 26, அதையும் ஆடினோம். ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸின் சின்னப் படை பாறைமேல் ஏறியபோது இரண்டு பேருமே நாற்காலியை விட்டு எழுந்து நின்றோம். ஆனால் எனக்கு மறக்காதது கிள்ளனூரிலிருந்து புறப்பட்ட பன்னிரண்டு மாட்டுவண்டிகளை மூன்று ஞாயிறு காத்துக் கொண்டுபோய்ச் சேர்த்த கதைதான். பத்து வண்டி சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு 1754. அந்த ஆண்டு தொண்டைமான் சீமையைப் பாழாக்க பிரெஞ்சுப் படை உள்ளே நுழைந்தது. மக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள், வந்தவர்களுக்குக் கிடைத்தது காலி ஊர்கள். நேற்று மருமகன் போன் பண்ணினான்.

“மாமா, ஞாயித்துக்கிழமை ஒங்க ஊருக்குள்ள வர்றேன். எதாச்சும் மிச்சம் வப்பீங்களா?”

“வாடா, வந்து பாரு” என்றேன்.

மேசைமேல் இப்போது நாற்பது மாடுகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. செவலை பதினைந்து, மயிலை பன்னிரண்டு, காரி எட்டு. மீதி ஐந்தும் கன்றுக்குட்டிகள், அவற்றுக்கு இன்னும் கண் வைக்கவில்லை. கருவேலஞ்சுள்ளிகளை நட்டுக் காட்டைத் தயாராக வைத்துவிட்டேன்.