பிறவிக் குறையும் பழியும்

புறநானூற்றின் 28ஆம் பாட்டு, சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கூறிய அறிவுரை. குருடு, செவிடு, ஊமை, கூன், குறள், உறுப்பற்ற தசைப்பிண்டம், விலங்கொத்த வடிவு, மருண்ட அறிவு என எட்டுப் பிறவிக் குறைகளை அது எண்ணுகின்றது. இவற்றாற் பயனில்லை என முன்னோர் மொழிந்ததாகவும் கூறுகின்றது. இப்பகுதிக்கு மட்டும் பொருள் சொல்லி வகுப்பை முடிப்பது புலவர்க்கும் மாணவர்க்கும் இழைக்கும் தீங்காகும்.

பாட்டின் முடிபை நோக்குக. செல்வம் பெற்ற வேந்தன் அறம், பொருள், இன்பம் மூன்றையும் ஆற்றானாயின், அவன் தன்னையே பேணாதவன் என்பது புலவர் துணிபு. ஆதலின் இடித்துரைக்கப்படுபவன் அரசனேயன்றிக் குறையுடையோர் அல்லர். ஆயினும் அவ்வறிவுரை நிற்கும் அடிப்படை பிழையுடையது என்பதை மறைத்தலும் தகாது.

அப்பிழையைத் திருத்தும் குரல் தமிழிலேயே உண்டு. பொறி இல்லாதிருத்தல் எவர்க்கும் இழிவாகாது, அறிந்து முயலாதிருத்தலே இழிவு என்பது 618ஆம் குறளின் கருத்து. ‘பொறி’ என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார் பரிமேலழகர். அடுத்த இரு குறள்களும் தெய்வத்தையும் ஊழையும் பேசுதலின் அவ்வுரை இடத்தொடு பொருந்துவதே. ஆனால் 6, 9ஆம் குறள்களில் அச்சொல் புலனுறுப்பைக் குறிக்கின்றது. இக்காலத்துச் சாலமன் பாப்பையா 618க்கும் உறுப்பு என்றே உரை கண்டார். எவ்வுரை கொள்ளினும் பழி பிறந்தவரைச் சாராது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் மீட்கப்பட்ட தாலிடோமைட் மருந்தைக் கருவுற்ற தாயர் உண்டதால், ஆயிரக்கணக்கான குழவிகள் கைகால் குறைந்து பிறந்தன. அங்குப் பழி மருந்தினது.

முயற்சிக்கு இரட்டைப்புலவரே சான்று. ஒருவர் குருடர், மற்றவர் முடவர் என்பது வழிவழிச் செய்தி. முடவர் தோள்மேலிருந்து வழிகாட்டக் குருடர் நடந்தார். ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார். அவர்தம் தில்லைக் கலம்பகம் இன்றும் கற்கப்படுகின்றது. கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்சிலும் சான்றுண்டு. 1951இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் அங்கே பிரெயில் எழுத்தும் தொழிலும் பயிற்றுகின்றது. பார்வையற்ற உடற்பிடிப்பாளர் பலர் அத்தெருக்களில் தம் கைத்தொழிலால் வாழ்கின்றனர்.

ஆதலின் 28ஆம் பாட்டைக் கற்பிப்போர் 618ஆம் குறளையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும். அவ்வெட்டனுள் ஒன்றுடைய பிள்ளை அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கக் கூடும்.