ஊட்டியில் உயரத்தைப் பாருங்கள்

முந்திரிக்கொட்டை பொறுக்கி முடிந்து பலாப்பழம் லாரி ஏறுகிற மே மாதத்தில்தான் முத்தாண்டிக்குப்பத்துப் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு வேன்கள் கிளம்பும். நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். இரவெல்லாம் பயணம். காலையில் படகு இல்லம், மதியத்துக்கு மேல் தாவரவியல் பூங்கா, மறுநாள் ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா. கிளம்பும் முன் கடைத்தெருவில் வர்க்கி, தைலம், சாக்லேட். திரும்பி வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், முதலில் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்வார்கள்.

ஊட்டி அப்படி இடம் இடமாகப் பார்த்துத் தீர்க்கிற ஊர் அல்ல. அங்கே இருக்கிற பெரிய காட்சி உயரம். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரைக்கூடத் தொடாத சமவெளி. உதகமண்டலம் 2,240 மீட்டர். ஓர் இரவில் அவ்வளவு தூரம் மேலே போய்விடுகிறோம். அந்த ஏற்றம் காற்றை, தண்ணீரை, மரத்தை, மனிதர்களின் வீட்டை, வயலை என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று கவனித்தால் ஊட்டி திறந்துகொள்ளும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை நகரங்களுக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்கிறார்கள். ஈக்வடாரின் கீட்டோ 2,850 மீட்டர், பெருவின் குஸ்கோ 3,400 மீட்டர், பொலிவியாவின் லா பாஸ் சுமார் 3,600 மீட்டர். அங்கே இறங்கியதும் சொல்லப்படும் முதல் அறிவுரை, இன்று எங்கும் போகாதீர்கள், ஓய்வெடுங்கள் என்பதுதான். மூச்சு வாங்கும், தலை வலிக்கும், சூடாகக் கோகா இலைத் தேநீர் தருவார்கள். உயரத்தோடு முதலில் உடம்பு பழக வேண்டும். ஊர் பார்ப்பது அதற்குப் பிறகு. ஊட்டி அவ்வளவு உயரமில்லை. ஆனாலும் கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் அங்கே. தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் குளிர் கூடும். வெயில் இதமாகத்தான் தெரியும், தோல் மட்டும் சீக்கிரம் கருத்துவிடும். எனவே போன அன்று காலையிலேயே தொட்டபெட்டாவுக்கு ஓடாதீர்கள். வயதானவர்கள் இருந்தால் அரைநாள் அறையில் இருக்கட்டும். நீங்கள் மெதுவாக ஒரு மேட்டுத்தெருவில் நடந்து பாருங்கள். மூச்சு எந்த இடத்தில் இறைக்கத் தொடங்குகிறது என்று கவனிப்பதும் ஊர் பார்ப்பதுதான்.

இன்னொன்று: தூங்கிக்கொண்டே மலை ஏறாதீர்கள். இரவு வேனில் போகிறவர்கள் ஊட்டியின் பாதியைக் கண்மூடியபடி கடந்துவிடுகிறார்கள். உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, அன்னூர் வழியாக விடியுமுன் மேட்டுப்பாளையம் சேர்ந்து, அங்கிருந்து பகலில் ஏறுங்கள். மலை ரயிலுக்கு முன்பதிவு கிடைத்தால் அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. மேட்டுப்பாளையம் 326 மீட்டர். அங்கிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். அதற்குள் 16 சுரங்கம், 250 பாலம். குன்னூர் வரையிலான பாதை 1899-ல் திறந்தது, 1908-ல் உதகைக்கு நீண்டது, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கல்லாறு வரை சாதாரண ரயில்தான், இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. கல்லாற்றில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த சட்டம் தொடங்கும். எஞ்சினின் பற்சக்கரம் அந்தப் பற்களைக் கடித்துக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயர்வு. எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். பெட்டிகள் அறுந்து கீழே ஓடிவிடாமலிருக்கவே அந்த ஏற்பாடு. குன்னூர் வரை நீராவி எஞ்சின், அதற்கு மேல் சரிவு குறைவதால் டீசல். இந்த மெதுவான வேகத்தில் செடிகள் மாறுவதைப் பார்க்கலாம். பாக்கும் மூங்கிலும் முதலில் விலகும். பிறகு அடர்ந்த பச்சைக் காடு, நடுநடுவே அருவி. குன்னூரை நெருங்கும்போது தேயிலை. உதகைப் பக்கம் காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல். காற்றின் மணமும் உடன் மாறும். வெப்பநாட்டிலிருந்து குளிர்நாட்டுக்குச் சில மணி நேரத்தில் போய்விடுகிறீர்கள். ரயில் கிடைக்காதவர்கள் சாலையில் பர்லியாரில் ஒருமுறை, குன்னூரில் ஒருமுறை, கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில் ஒருமுறை இறங்கி நின்றால் இதே பாடம் சுருக்கமாகக் கிடைக்கும்.

மேலே போனதும் கண்ணுக்கு முதலில் வேண்டிய பயிற்சி, எது இந்த மலையின் மரம், எது வந்த மரம் என்று பிரித்தறிவது. வானளாவி, நேராக, பட்டை உரிந்து நிற்கிறதே, அது தைலமரம். விறகுக்காக 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். மஞ்சள் பூ பூக்கும் சீகையும் அந்த நாட்டிலிருந்து வந்ததுதான். புகைப்படங்களில் ஊட்டி என்று நாம் ரசிக்கும் காடுகளில் பெரும்பகுதி இவை. மலையின் சொந்தக் காடு சோலை. அதைத் தேடிப் போக வேண்டும். மரங்கள் குட்டையாக இருக்கும், தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி இடைவெளியே தெரியாது. தளிர்விடும் நாட்களில் செம்பு நிறமும் சிவப்புமாக மின்னும். கிளைகளில் பாசியும் ஆர்க்கிட்டும் அப்பியிருக்கும். இந்தக் காடு மலைமுகட்டில் இராது, இரண்டு குன்றுகளுக்கு நடுவிலுள்ள மடிப்பில் ஒதுங்கியிருக்கும். முகட்டில் புல். உறைபனிக் காலத்தில் திறந்த வெளியில் இளங்கன்றுகள் கருகிவிடுவதால் சோலை மடிப்புக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது ஒரு விளக்கம்.

புல்லும் சோலையும் சேர்ந்துதான் நீலகிரியின் தண்ணீர்த் தொட்டி. மழையையும் பனிமூட்டத்தையும் வாங்கி, நனைந்த பஞ்சுபோல் வைத்திருந்து, கோடையில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. ஏப்ரலில் ஒரு சோலையின் கீழ்முனையில் ஓடையைத் தேடிப் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும். பவானிக்கும் மோயாற்றுக்கும் தண்ணீர் இப்படித்தான் போகிறது. புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணிப் பல காலம் அதன்மேல் அந்நிய மரம் நட்டுவந்தது நீலகிரிக்கு நேர்ந்த பெரிய இழப்பு. இதை நான் தயங்காமல் சொல்வேன். கோத்தகிரியின் லாங்வுட் சோலையிலும், வனத்துறை வண்டியில் அவலாஞ்சியிலும் சோலையைப் பார்க்கலாம். கூடலூர் சாலையில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் பக்கம் புல்வெளி. அங்கே சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடத்தைத் தேடுகிறவர்கள், காலடிப் புல்லையும் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம்.

ஆண்டிஸ் மலைக்கும் ஊட்டிக்கும் உறவு ஒப்புமையோடு நிற்கவில்லை. மலேரியாவுக்கு மருந்தான குயினைன், ஆண்டிஸ் சரிவுகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. அதை இந்தியாவில் வளர்க்க ஆங்கில அரசு அனுப்பிய கிளமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் பெருவில் செடிகளைச் சேகரித்தார். அவர் எடுத்துவந்த செடிகள் நீண்ட பயணத்தைத் தாங்காமல் பட்டுப்போயின. அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சிம்பொராசோ மலையின் மேற்குச் சரிவில் சேகரித்த செம்பட்டைச் சிங்கோனா விதைகள் உதகையில் முளைத்தன. அவற்றை வளர்த்தெடுத்தவர் மக்கைவர். 1848-ல் உதகைத் தாவரவியல் பூங்காவை அமைத்தவரும் அவரே. அந்த மரத்துக்குத் தன் தாய்மலையின் குளிரும் ஈரமும் சரிவும் வேண்டியிருந்தன, நீலகிரியில் கிடைத்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் அந்தத் தோட்டங்களில் உழைக்கச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறை இன்றும் நிற்கிறது. கூடலூர் போகிறவர்கள் தேநீருக்கு நிறுத்தும் அந்த ஊரில் கால் மணி நேரம் அதற்கும் கொடுங்கள்.

சந்தையில் வாங்கும் உருளைக்கிழங்கும் ஆண்டிஸின் பிள்ளை. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கிழங்கைத் தொடர்ந்து அதன் எதிரியும் வந்தது: வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழுவின் தாயகமும் ஆண்டிஸ்தான். 1961-ல் நீலகிரி வயல்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஊர் முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்ததுதான். ஒரே கண்டத்திலிருந்து வந்த செடிகளில் சிங்கோனாவும் கிழங்கும் குளிர்மலையைத் தேர்ந்தன, முந்திரி எங்கள் செம்மண்ணைத் தேர்ந்தது.

அதே முத்தோரையில், அதிகம் பேர் நிற்காமல் கடந்துபோகும் ஓர் அதிசயம் உண்டு: ரேடியோ தொலைநோக்கி. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது, 1970-ல் முடிந்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இதை மலையில் வைத்ததற்குக் காரணம் உயரமல்ல, சரிவு. உதகை சுமார் 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு குன்றைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தூரத்திலிருந்து பார்த்தாலும் அந்தச் சாய்வு தெரியும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். உள்ளே போக விருப்பமென்றால் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள்.

நெய்வேலிக்காரர்கள் பைக்காராவை அருவிக்காகவும் படகுக்காகவும் மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. 1932 முதல் அந்த ஆற்று நீரைக் குழாய்களில் 900 மீட்டருக்கும் மேல் கீழே விழவைத்து சிங்காராவில் மின்சாரம் எடுத்துவருகிறார்கள். நெய்வேலியில் நிலக்கரி 1961-ல்தான் வெட்டப்பட்டது. பூமிக்கடியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஊர்க்காரர், உயரத்திலிருந்து அதை எடுக்கும் இடத்தை வேறு யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்வார்.

மனிதர்களைப் பற்றி ஒரு சொல். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறிவந்து ஊட்டியைக் "கண்டுபிடித்ததாக" எழுதுவார்கள். அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே தோடரும் கோத்தரும் படகரும் அங்கே வாழ்ந்தவர்கள். தோடர் குடியிருப்பான மந்துக்குப் போனால், பீப்பாயைக் கிடத்தியது போன்ற அந்தக் குடிசையின் சிறிய வாசலைப் பாருங்கள், குளிரைத் தடுக்கக் கட்டியது. கேட்காமல் படமெடுக்காதீர்கள், அவர்களின் கோயிலை நெருங்காதீர்கள். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக அவர்கள் போடும் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வாங்குவதானால் தைத்தவர்களிடமே வாங்குங்கள். தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறிப்போரில் பலர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கு வேலை தரத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின.

மே மாதத்தை விட்டுவிட்டு ஜனவரியில் ஒருமுறை போங்கள். விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாக நிற்கும், வெயில் பட்டதும் கரைந்துவிடும். மலர்க்கண்காட்சிக் காலத்தில் இதெல்லாம் கிடைக்காது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மலை தாங்குகிற அளவுக்குத்தான் மனிதர் ஏற வேண்டும் என்பதால் அதை நான் வரவேற்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு திசை போதும்: ஒரு நாள் அவலாஞ்சி, ஒரு நாள் பைக்காரா, நடுவட்டம், ஒரு நாள் கோத்தகிரி.

புல்வெளிச் சரிவுகளில் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. போகிறவர்கள் ஒரு கொத்துகூடப் பறிக்க வேண்டாம். ஒருமுறை பூத்ததும் அந்தச் செடி பட்டுப்போகும். அது உதிர்க்கும் விதைதான் 2042-ன் பூ.