புறாவின் உடம்பில் ஊசிகள்

தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர் தீராத நோயில் படுத்துவிட்டார். அரண்மனையில் ஒரு புறாவின் உடம்பெங்கும் ஊசி குத்திச் செய்வினை வைத்திருப்பதை நாகூர் ஷாகுல் ஹமீது பாதுஷா அறிந்து சொன்னார். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதும் மன்னர் எழுந்து உட்கார்ந்தார். அந்த மகானின் தர்காவில் இன்றும் புறா பறக்கவிடுகிறவர்களுக்குத் தெரிந்த கதை இது. ஊசி எடுத்த கையைக் கதை மறக்கவில்லை. குத்திய கையைப் பற்றி அதற்குப் பெரிய அக்கறை இல்லை.

மேற்கத்தியக் கலை உலகத்துக்கு இப்போது அந்தக் குத்திய கைமீதுதான், அதாவது சூனியக்காரிமீதுதான் கண். 1968இல் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு பங்குச்சந்தைக்குச் சாபம் கொடுத்த பெண்ணியக் குழுவில் தொடங்கிய பழக்கம் இது. அதற்கு அறிவுப் பின்புலம் தந்தவை இரண்டு புத்தகங்கள். இயற்கையை உயிருள்ள தாயாகப் பார்த்த ஐரோப்பா அதை ஓர் இயந்திரமாகப் பார்க்கத் தொடங்கிய காலமும் சூனியக்காரி வேட்டையின் காலமும் ஒன்றுதான் என்று கரோலின் மெர்ச்சன்ட் 1980இல் எழுதினார். அந்த வேட்டையை முதலாளித்துவத்தின் பிறப்போடு முடிச்சுப் போட்டார் சில்வியா ஃபெடரிச்சி (2004). 2022இல் செசிலியா அலெமானி அமைத்த வெனிஸ் பினாலேயில் பங்கேற்றவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அதில் ஒரு பகுதிக்குப் பெயரே ‘சூனியக்காரியின் தொட்டில்’. எதிர்ப்பு என்று ஆரம்பித்தது அங்கே ஏறக்குறைய ஒரு பாணியாகிவிட்டது.

இந்தச் சூனியக்காரியை அப்படியே காவிரிக் கரைக்கு இறக்கிவைக்க முடியுமா? ஜார்க்கண்டிலும் அசாமிலும் அவள் உருவகமல்ல, அடிபடும் உயிர். சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்காகப் போராடிய சுட்னி மஹதோவுக்கும் பிருபாலா ராபாவுக்கும் 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கத்து நிலவரம் வேறு. பில்லி, ஏவல், தகடு எல்லாம் பெரும்பாலும் ஆண்களின் தொழில். பெண்ணுக்கு வாய்த்த இடம் பேய் பிடித்தவள் என்பது. தென்னார்க்காட்டில் ஆய்வு செய்த இசபெல் நபோகோவ் (2000) சொல்லும் பேய், காதல் தோற்றோ தற்கொலை செய்தோ அகாலத்தில் செத்த இளைஞன். பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவளை. பேய் குடிகொண்ட மயிர்க்கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடித்தால் விலகும். அந்தச் சடங்கு பெண்ணை விடுவிக்கவில்லை, புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறது என்று அவர் படித்தார். கன்னியாகுமரிக் கடற்கரையை ஆராய்ந்த கல்பனா ராம் (2013) அவ்வளவு சீக்கிரம் கணக்கை முடிக்கவில்லை. தன்னிச்சையாகச் செயல்படும் மனிதர் என்று நவீன சிந்தனை வைத்திருக்கும் படத்தையே பேயாட்டம் கேள்வி கேட்கிறது என்றார். எனக்கு இந்தப் பக்கம் சாய்வு அதிகம்.

ஆனால் சாய்கிறபோது, பேய் பிடித்ததென்று தர்காவுக்கு ஆட்களைக் கொண்டுவரும் ஏர்வாடி குறுக்கே நிற்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். பேய் பிடித்தலை ஒரு கோளாறாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 1992 பதிப்பு வகைப்படுத்தியது. அதிலேயே, சமயச் சடங்குக்குள் ஒருவர் விரும்பி ஆடுவது நோயல்ல என்றும் கோடு போட்டது. அறிவியலை ஆணாதிக்கத்தின் கைத்தடி என்று மட்டும் வரைகிற ஓவியர்கள் இந்தக் கோட்டையும் அந்தச் சங்கிலியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பேயோட்டுகிறவர் ‘யார் நீ, எந்த ஊர்?’ என்பார். பதில் சொல்வது பேய். தெளிந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஞாபகமிருக்காது. ஆனால் அதே நாகூரில் 1938இல், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ என்ற நாவலைத் தன் சொந்தப் பெயரில் வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் உ.வே.சா. நம்மூர்ப் பெண்ணியத்தின் கதையைத் தொடங்க இது தோதான இடம் என்று நினைக்கிறேன்.

இனிக் கலைக்கு வருவோம். நம் பக்கத்தில் தேறியவை சூனியக்காரியை வரைந்த படங்களல்ல, சூனியத்தின் சாமான்களைக் கையில் எடுத்த படைப்புகள். பெங்களூரின் ஷீலா கௌடா 1998இல் ஊசி ஊசியாக நூல் கோத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் குங்குமச் சிவப்பில் கயிறாக்கித் தொங்கவிட்டார். ‘அவனிடம் என் வலியைச் சொல்’ என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. கயிற்று முனையில் ஊசிகள் கொத்தாக நிற்கும். நாகூர்க்காரர் யாரும் அதைப் பார்த்தால் புறாதான் நினைவுக்கு வரும்; தையல் வேலை, காயம், ஏவல் மூன்றும் ஒரே ஊசியில். 2009 வெனிஸில் அவர் வைத்தது மயிர்க்கயிறு, சுமார் நான்கு கிலோமீட்டர் நீளம், கூடவே கார் பம்பர்கள். கண்ணேறு படாமலிருக்க பெங்களூரில் வண்டிக்குக் கட்டும் கயிறுதான் அது. முடி காணிக்கை கொடுத்துவிட்டு தர்காக் குளத்தில் மூழ்கி எழுகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அனிதா துபே 1997இல் மனித எலும்புகளுக்குச் சிவப்பு வெல்வெட்டும் மணியும் சரிகையும் தைத்தார். மருத்துவக் கல்லூரிக்கும் மந்திரவாதிக்கும் பொதுவான ஒரே பொருள் எலும்பு; அதைக் கல்யாணப் பெண்போலச் சிங்காரித்துவிட்டார். அவரேதான் பிற்பாடு 2018 கொச்சி பினாலேயின் பொறுப்பாளர். நளினி மாலானியின் மெடியா படைப்புகளை (1993 முதல்) இந்த வரிசையில் வழக்கமாகச் சேர்ப்பார்கள். வலிமையானவைதான், ஆனால் அந்தச் சூனியக்காரி கிரேக்கத் தொன்மத்திலிருந்து வந்தவள்.

நமக்கு மிக அருகில் இருப்பவர் திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் வேலை செய்யும் பெனிதா பெர்சியால். சாம்பிராணி, வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு இவற்றைக் குழைத்து உருவங்கள் செய்கிறார். 2014 கொச்சி பினாலேயில் கிறிஸ்தவச் சிற்பங்களாக அவை நின்றன. கண்ணுக்கு முன்னால் மூக்குக்குப் போய்ச் சேரும் சிற்பம். மருந்துக்கடையும் வழிபாட்டிடமும் ஒரே வாசனையில் கலந்திருந்த காலம் அதில் இருக்கிறது. பெண்ணியம் என்ற பலகை எங்கும் இல்லை.

வியாழக்கிழமை மாலை நாகூரில், அதே சாம்பிராணிப் புகைக்குள் தலைவிரித்து ஆடுகிறவளைப் பற்றி டெல்டாவிலிருந்தே ஒரு படைப்பு வந்து நான் இன்னும் பார்க்கவில்லை. வரும்போது கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வராமலிருந்தால் சரி.